நான்கு நிமிடம் பின்தங்கும்

மே மாதம் பாதி. சதுப்பின் மேல் போட்ட
பலகைப் பாதையில் இன்னும் உறைபனி.
நான் மிதித்த இடமெல்லாம் கறுப்பாக ஒரு பாதம்.
நாலே முக்காலுக்கு முதல் நிறுத்தம்,
மொத்தம் பத்து.
ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் அசையாமல் நின்று
கேட்ட பறவை, கண்ட பறவை எழுத வேண்டும்.
மூக்குச் சிந்துவதென்றாலும்
இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில்தான்.

இடது கையில், ஸ்வெட்டருக்கு மேலேயே,
கட்டியிருக்கிறேன் அதை.
தார்த்து நகரச் சனிக்கிழமைச் சந்தையில்
கம்பளிக் காலுறைகளுக்கும் துருவேறிய பூட்டுகளுக்கும் இடையே
மல்லாந்து கிடந்தது.
ஆண்கள் கடிகாரம். சாவி கொடுக்கும் வகை.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே கண்ணாடியில் கீறல்.
ஒரு நாளில் நான்கு நிமிடம் பின்தங்கும் என்று
விற்றவரே சொல்லி
இரண்டு யூரோ குறைத்தார்.

இரவு சாவி முறுக்கும்போது முள்ளைத் தள்ளி வைப்பேன்,
வெளியே நின்ற பூனையை
உள்ளே அழைத்துக் கதவடைப்பது போல.

கைபேசி போதாதா என்பான் அலுவலகத்தில் ஐவார்.
கைபேசிக்கு உலர்ந்த விரல் வேண்டும்;
குளிரில் முப்பது சதவீதத்திலேயே உயிரை விடும்.
இவை நான் சொல்லும் காரணங்கள்.
பிடித்திருக்கிறது, அதுதான் விஷயம்.

இரண்டாம் நிறுத்தம்: வானம்பாடி மூன்று, தொலைவில் குயில்.
மூன்று: பொறி உள்ளான், குட்டைக்கு அந்தப்புறம்.
நான்கு: ஒன்றுமில்லை.
ஐந்து நிமிடம் முழுக்க ஒன்றுமில்லை.
நொடிமுள்ளின் சத்தம் மட்டும்
சட்டைக்குள் விழுந்த எறும்பு போல ஊர்ந்துகொண்டிருந்தது.
பூஜ்யம் என்று எழுதி அடிக்கோடிட்டேன்.
காலியாக விட்டால்
நான் போகவே இல்லை என்று நினைத்துவிடுவார்கள்.

ஆறாவதில் வெயில் வந்தது.
என் இடுப்பளவே வளர்ந்த ஒரு பைன்,
அதற்கு என் அம்மாவின் வயது இருக்கலாம்,
அதன் தண்டில் மஞ்சளாக ஏதோ துடித்தது.
மஞ்சள் வாலாட்டி! பென்சில் தாளைத் தொட்டுவிட்டது.
நான் எழுதக் கையைத் தூக்க, அது கிளைக்குத் தாவியது.
கையை இறக்க, பாசிக்கு இறங்கியது.
மறுபடி தூக்கினேன், மறுபடி தாவல்.

என் கடிகாரக் கண்ணாடியைத்தான்
எண்ணப் போயிருக்கிறேன்.

சிரித்துவிட்டேன். வாய்விட்டு.
பதினெட்டு வருடக் கணக்கெடுப்பில் முதல் தடவை.

முப்பது அடி தள்ளி, கோரைக்குள்ளிருந்து
சாம்பல் நிறத்தில் ஒன்று எழுந்தது.
பெருங்கொக்கு.
கத்தவில்லை, பறக்கவில்லை.
கழுத்தைத் தாழ்த்தி,
கடன்காரனைக் கண்டு சந்து திரும்புகிறவள் போல
மெதுவாக நடந்து மறைந்தது.
அது இருந்த இடத்தில்
பழுப்புப் புள்ளியிட்ட முட்டை இரண்டு.
மேலே ஆவி பறந்ததா, என் மூச்சுதானா,
தெரியவில்லை.

பின்வாங்கினேன். பலகை முனகாத இடமாகப் பார்த்துப்
பார்த்துப் பின்வாங்கி,
பாதை வளையும் இடத்தில் குந்தி உட்கார்ந்தேன்.
கண்ணாடியை வலது உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன்.
விரலிடுக்கில் எட்டிப் பார்த்தால்
ஒரு நிமிடம்.
பனி இன்னும் உருகவில்லை.
மூன்று.
வானத்தில் ஒரு காகம், வேண்டாம், போ.
ஆறு.
ஓடாதே என்று முள்ளிடம் சொன்னேன்.
முட்டையின் சூடு முள்ளைக் கேட்டா குறைகிறது?
ஒன்பது.

பதினொன்றில் கோரை அசைந்தது.
முதலில் தலை. அப்புறம் வெகுநேரம் தலை மட்டும்.
அப்புறம் கால்களை மடித்து,
அலகால் எதையோ புரட்டி,
உட்கார்ந்துவிட்டது.

படிவத்தில் எழுதினேன்: பெருங்கொக்கு, ஒன்று.
அந்தப் பதினொரு நிமிடத்துக்கு
அதில் கட்டம் இல்லை.
மஞ்சள் வாலாட்டியை அழித்தேன்,
ரப்பர் தேய்ந்த இடம்
இன்னும் கொஞ்சம் மஞ்சளாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை ஐவார் திரையிலிருந்து தலை தூக்கினான்.
ஹெல்வே, ஏழாவது நிறுத்தம் ஏன் இவ்வளவு தாமதம்?
கடிகாரம் பின்தங்குமே, தெரியாதா, என்றேன்.
நாளுக்கு நான்கு நிமிடம்தானே?

அன்றைக்குக் கொஞ்சம் கூடிவிட்டது, என்றேன்.